பதின்மூன்றிலிருந்து ஒன்பதுக்கு: ஒரு போட்டி பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங் பற்றிய நிகழ்வு ஆய்வு

இரண்டு மாதமாக ஒரு தம்பி தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். பத்து மீட்டரில் அடுத்தடுத்து இரண்டு ரவுண்டு சுட்டால் முதல் குண்டு அட்டை இலக்கின் மையக் கட்டமான ஆல்ஃபாவின் நடுவில் விழும். இரண்டாவது ஒரு சாண் கீழே போய், அதைச் சுற்றியுள்ள மதிப்பெண் குறைந்த சார்லியில் உட்காரும். நிதானமாக ஒவ்வொன்றாகச் சுட்டால் எல்லாம் ஒரே இடத்தில்தான். வேகம் கூடினால் மட்டும் இரண்டாவது குண்டு இறங்கிவிடும்.

"ட்ரிக்கரை இடிக்கிறேன் அண்ணா. சுடுறதுக்கு முன்னாடியே கை கீழே அமுக்குது" என்றான். அப்படி நினைப்பதில் தப்பில்லை. இரண்டாவது குண்டு கீழே போனால் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் காரணம். அவனும் தினமும் காலித் துப்பாக்கியில் ட்ரிக்கர் பயிற்சி செய்தான், பிடியை மாற்றினான், மணிக்கட்டை இறுக்கினான். எதுவும் குறையவில்லை.

துப்பாக்கி கைமாறி வந்தது. 1911 என்ற பழைய பிஸ்டல் மாடலின் அமைப்பு, இரட்டை வரிசை மேகசின், ஐந்து அங்குல கனத்த பேரல், இரும்பு ஃப்ரேம் (பிடியோடு சேர்ந்த அடிப்பாகம்), 9 எம்எம். முன்பு வைத்திருந்தவர் உள்ளே என்ன ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் ஓடும் மேல்பாகமான ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் சுருள்வில்) போட்டார் என்று யாருக்கும் தெரியாது. தம்பி சுடுவது 147 கிரெய்ன் எடையுள்ள குண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் விநாடிக்கு 890 அடி வாக்கில் காட்டியது. எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், தோட்டாவின் பலத்தைச் சொல்லும் பவர் ஃபேக்டர் 130.8. ஐபிஎஸ்சி துப்பாக்கிப் போட்டிகளில் பலம் குறைந்த தோட்டா வகையான மைனருக்கு 125 போதும் என்பதால் தோட்டாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் கையா துப்பாக்கியா என்று பிரிக்க வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரியாமல் மேகசினில் நடுநடுவே டம்மி ரவுண்டு கலந்து கொடுத்தேன். ட்ரிக்கரை இடிப்பவன் கையில் டம்மி வரும்போது துப்பாக்கி வாய் குபுக்கென்று கீழே குதிக்கும், மறைக்கவே முடியாது. நான்கு டம்மிகளில் மூன்றில் அவன் முன் சைட் (வாய்ப்பக்கக் குறிமுள்) அசையவே இல்லை. ஒன்றில் லேசாக ஆடியது. ஒரு சாண் இறக்கத்துக்கு அந்த ஆட்டம் காரணமாக இருக்க முடியாது.

அப்புறம் பக்கவாட்டில் நின்று, விநாடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் ஃபோனில் பதிவு செய்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நாலு மில்லிவிநாடிதான் இடைவெளி. ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தோம். ஸ்லைடு பின்னால் போவது இரண்டு மூன்று படங்களிலேயே முடிந்துவிடுகிறது. திரும்பி வருவதற்குத்தான் கூடுதல் படங்கள். அது மூடும் அந்தப் படத்தில், மேலே ஏறியிருந்த துப்பாக்கி வாய் படாரென்று இறங்கி, ஆரம்பித்த கோட்டையும் தாண்டிக் கீழே போகிறது. பிறகு மெதுவாக மேலே வருகிறது. தம்பியின் இரண்டாவது ரவுண்டு சரியாக அந்தப் பள்ளத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. அவன் விரலில் குற்றமில்லை. முன் சைட் சரியான இடத்துக்குத் திரும்புவதற்குள் அவன் சுட்டுவிடுகிறான், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கை எடை போட்டோம்

துப்பாக்கி காலி என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். பாக்கெட்டில் எழுதியிருக்கும் பவுண்டு என்பது ஸ்லைடு முழுவதும் பின்னால் போன நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதைக் குறிக்கும். ஸ்லைடு மூடியிருக்கும்போது அதே ஸ்பிரிங் ஏறக்குறைய பாதி விசைதான் தரும். இந்த இரண்டும் தனித்தனி விஷயம் என்று நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. முதலாவது ஸ்லைடு திரும்பி வரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது ஸ்லைடை மூடிய நிலையில் பிடித்து வைக்கிறது.

எடை போட ஒரு மரக்கட்டையில் கம்பி நட்டு, அதை டிஜிட்டல் தராசின் மேல் வைத்தேன். ஸ்பிரிங்கைக் கம்பியில் கோர்த்து மேலிருந்து ஒரு குழாய்த் துண்டால் அழுத்தினேன். இந்தத் துப்பாக்கியில் ஸ்லைடு முழுவதும் பின்னால் போனால் ஸ்பிரிங்குக்கு மிஞ்சும் நீளம் 41 மில்லிமீட்டர். கம்பியில் அந்த இடத்தில் ஒரு கோடு. குழாய் அந்தக் கோட்டைத் தொட்டபோது தராசு 5.9 கிலோ காட்டியது. அதாவது 13 பவுண்டு.

மைனர் தோட்டா சுடும் 9 எம்எம் துப்பாக்கிக்கு இது மிக அதிகம். முன்பு வைத்திருந்தவர் ஏன் போட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. கனமான ஸ்பிரிங் போட்டால் ஃப்ரேம் அடிபடாது, உதையும் குறையும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விட்டேன்.

கணக்கு ரொம்ப எளிது. 147 கிரெய்ன் குண்டும் அதன் பின்னால் போகும் வாயுவும் முன்னால் எடுத்துச் செல்லும் உந்தம் எவ்வளவோ, அதே உந்தம் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் பின்பக்கமாகக் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து அரைக்கிலோவுக்கு மேல் என்று வைத்தால், விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வாக்கில் பின்னால் கிளம்பும். பேரல் ஸ்லைடோடு இருந்த பூட்டு விலகி நின்றுவிட்ட பிறகு ஸ்லைடிடம் மட்டும் மிஞ்சும் ஆற்றல் தோராயமாக 6 ஜூல். ஸ்லைடின் ஓட்டம் சுமார் 50 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் 13 பவுண்டு ஸ்பிரிங் விழுங்குவது 2 ஜூலுக்குக் கொஞ்சம் மேல், 9 பவுண்டு ஸ்பிரிங் ஒன்றரை ஜூல். தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமரைச் சாய்க்க ஒரு பங்கு போகும். மீதி எல்லாம் ஃப்ரேமில் மோதித்தான் தீரும். நான்கு பவுண்டு கூட்டி நாம் மிச்சப்படுத்துவது அரை ஜூலுக்குக் கொஞ்சம் மேல்தான்.

அந்த அரை ஜூலும் எங்கும் போய்விடவில்லை. ஸ்பிரிங் விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். ஸ்லைடு அதை வாங்கிக்கொண்டு முன்னால் வந்து பேரலோடு சேர்ந்து நிற்கும். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குப் போனால் மூடும் வேகம் கணக்குப்படி 20 சதவீதம் கூடுகிறது. மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவும் செலவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால், நிஜத்தில் வித்தியாசம் இன்னும் அதிகமாகவே இருக்கும். ஸ்லைடு கைக்கு மேலே ஓடுகிறது. மேலே ஓடும் கனம் முன்னால் போய்ச் சட்டென்று நின்றால் துப்பாக்கி மூக்கைக் குத்தத்தானே செய்யும்? வீடியோவில் பார்த்த பள்ளம் இதுதான். இவ்வளவு வேகமாக மூடும்போது பேரலின் கீழ்ப்பல்லும் ஸ்லைடு ஸ்டாப் முளையும் அடி வாங்கும். ஃப்ரேமைக் காப்பாற்றுகிறோம் என்று அடியை முன்பக்கத்துக்கு மாற்றி வைப்பதுதான் மிச்சம்.

அதனால் ரீகாயில் ஸ்பிரிங் என்ற பெயரே ஆட்களைக் குழப்புகிறது என்பது என் கருத்து. உதையைக் கொஞ்சம் பங்கிட்டுக் கொடுக்கும், அது உண்மை. ஆனால் போட்டியில் சுடுபவனுக்கு அந்த ஸ்பிரிங் செய்யும் பெரிய வேலை, ஸ்லைடு வீடு திரும்பும் விதத்தை வைத்து முன் சைட்டை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதுதான்.

ஏழு பவுண்டு தந்த பாடம்

காரணம் தெரிந்ததும் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த வாரமே 7 பவுண்டு ஸ்பிரிங் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். நன்றாகச் சுடும் ஒருவர் அதைத்தான் போட்டிருக்கிறாராம். ரேஞ்சில் சுட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வெண்ணெய் மாதிரி இருக்கு அண்ணா" என்றான். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. மூக்குக் குத்தல் போய்விட்டது. இரண்டாவது குண்டு ஆல்ஃபாவுக்குள் வந்தது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். அங்கே நான் அவனைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த மாதப் போட்டியில் மூன்று முறை துப்பாக்கி நின்றது. மூன்றும் ஒரே மாதிரி: ஸ்லைடு மூடுவதற்கு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது. அதில் இரண்டு, நிரம்பிய மேகசினின் முதல் இரண்டு தோட்டாக்களில் வந்தன. மூன்றாவது, வலது கை மட்டும் பிடித்துச் சுட வேண்டிய ஸ்டேஜில்.

மேகசின் நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கியிருக்கும். மேல் தோட்டா மேகசின் வாயின் உதட்டில் அழுந்திக் கிடக்கும். அதை உருவ ஸ்லைடுக்கு அதிக பலம் வேண்டும். பாதி காலியான மேகசினில் ஓடும் துப்பாக்கி, நிரம்பிய மேகசினில் தடுக்குவது இதனால்தான். ஒற்றைக் கையில் பிடி தளர்வதால் ஃப்ரேமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகிறது. ஸ்பிரிங் முழுசாக அமுங்குவதில்லை, திரும்பி வரப் பலமும் சேர்வதில்லை. போட்டியின் பாதிக்கு மேல் கரியும் எண்ணெயும் கலந்து, தோட்டா போய் உட்காரும் சேம்பரில் ஒரு பசை மாதிரி படிந்திருக்கும். 7 பவுண்டில் இந்த மூன்றையும் தாங்க மிச்சம் எதுவும் இல்லை.

அந்த "நன்றாகச் சுடுபவர்" துப்பாக்கியில் ஏழு எப்படி ஓடுகிறது? பிறகு விசாரித்தோம். அவர் ஸ்லைடு இரண்டு பக்கமும் குடைந்து லேசாக்கப்பட்டது. மேகசின் ஸ்பிரிங் வேறு. பிடி இரும்பு மாதிரி. ஸ்பிரிங் எண்ணை மட்டும் இரவல் வாங்க முடியாது என்று அன்று தம்பிக்கும் புரிந்தது, எனக்கும் நினைவு வந்தது. ஸ்லைடின் மேல் ஆப்டிக் (ஒளிப்புள்ளி சைட்) வைத்திருந்தால் கதை இன்னொரு பக்கம் திரும்பும். அந்தக் கூடுதல் எடை ஸ்லைடை மெதுவாக்கும்.

எங்கே தேடுவது

1911 அமைப்பில், 45 ஏசிபி என்ற பெரிய தோட்டா சுடும் ஐந்து அங்குலத் துப்பாக்கிக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. அதற்கான பழைய தோட்டா 230 கிரெய்ன், விநாடிக்கு 830 அடி. பவர் ஃபேக்டர் 191 வருகிறது. எங்கள் தோட்டா 131. ஸ்லைடின் எடை ஏறக்குறைய ஒன்று என்றால் அதன் ஆற்றல் உந்தத்தின் இருமடியில் மாறும். 131-ஐ 191-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.47. பதினாறில் 0.47 பங்கு ஏழரை பவுண்டு. இது தோராயம்தான். ஹேமரைச் சாய்க்கும் செலவும் தோட்டாவை உருவும் செலவும் தோட்டா பலவீனமானதால் குறைந்துவிடாது. ஆகவே ஏழரைக்கு மேலேதான் போக வேண்டும். மைனர் சுடும் இந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 8 முதல் 10 வரை போட்டுக்கொள்வதற்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

8, 9, 10, 11 என்று நான்கு வாங்கினோம். வேறு வேறு தயாரிப்பாளர்கள். எல்லாவற்றையும் அதே மரக்கட்டையில் எடை போட்டேன். எட்டு என்று எழுதியிருந்தது 3.6 கிலோ, அதாவது 7.9 பவுண்டு. ஒன்பது 8.8. பத்து என்று எழுதியிருந்ததோ 9.3 தான் காட்டியது. பதினொன்று சரியாக 11. பாக்கெட்டை மட்டும் நம்பியிருந்தால் ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒரு முழு பவுண்டு வித்தியாசம் என்று நினைத்து அரை பவுண்டை ஆராய்ந்துகொண்டிருந்திருப்போம். பொய்யான லேபிள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் எந்த நீளத்துக்கு அமுக்கி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

கனமான ஸ்பிரிங்கில் சுருளை வெட்டிக் குறைக்கலாமே என்றான் தம்பி. செய்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது. சுருளை வெட்டினால் மிஞ்சிய ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முன்னைவிட விறைப்பாகிறது. ஆனால் மூடிய நிலையில் தரும் அழுத்தம் வேகமாகக் குறைகிறது. பின்னால் முரட்டுத்தனமும் முன்னால் தொய்வும் சேர்ந்த ஒன்று கையில் கிடைக்கும்.

கண்ணைக் கட்டிய சோதனை

எந்த ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியக் கூடாது. இதில் ஒரு சிக்கல் இருந்தது: ஸ்லைடை ஒரு தடவை இழுத்தாலே எடை தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் நானே ஸ்பிரிங் மாற்றி, மேகசின் போட்டு, ஸ்லைடை இழுத்து விட்டு, சேஃப்டி போட்டு, வாய் மண்மேட்டைப் பார்த்தபடி மேசையில் வைப்பேன். அவன் வந்து எடுத்துச் சுடுவான். பத்து மீட்டர், ஆறு ரவுண்டு, டைமரில் 0.20 விநாடி இடைவெளியை ஒட்டி. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் நான்கு தடவை, வரிசை கலைத்து.

ஷாட் டைமரைப் பார்த்தால் ஏமாற்றம்தான். நான்கு ஸ்பிரிங்குக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றே. அது அப்படித்தான் இருக்கும். ஸ்லைடின் முழுச் சுற்றே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 0.20-இல் சுடும் மனிதனுக்காகத் துப்பாக்கி காத்திருக்கிறது. டைமரை வைத்து ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வித்தியாசம் அட்டையில் இருந்தது. பதினொன்றில் குண்டுகள் மேலும் கீழுமாக நீண்ட வரிசை. எட்டில் வரிசை குறுகியது, ஆனால் மொத்தமாகக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. முன் சைட் சோம்பலாகத் திரும்புவதால் அவன் அது இறங்கும் முன்பே சுட்டிருக்கிறான். 8.8-இலும் 9.3-இலும் குண்டுகள் உள்ளங்கை அளவுக்குள் உருண்டையாக விழுந்தன. "இது ரெண்டுலயும் சைட் எங்க போச்சோ அங்கேயே திரும்பி வந்து உக்காருது" என்றான். எண் தெரியாமலே நான்கில் மூன்று தடவை 8.8-ஐத்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னான்.

காலி கேஸ் எங்கே விழுகிறது என்று பார்த்து ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கனமான ஸ்பிரிங் என்றால் காலடியில் விழும், லேசானது என்றால் தூரப் பறக்கும். உண்மைதான். ஆனால் கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும், அதை வெளியே தட்டும் எஜெக்டரின் வடிவமும் அதைவிட அதிகமாக மாற்றும். நான் ஒரு கண் பார்ப்பதோடு சரி.

ஹேமர் ஸ்பிரிங்கும் கணக்கில் உண்டு

ஒன்பதோடு முடிந்தது என்று நினைத்தபோது தம்பி ட்ரிக்கரை லேசாக்க வேண்டும் என்று கேட்டான். உள்ளே இருந்த ஹேமர் ஸ்பிரிங் பழைய 23 பவுண்டு. 19 போட்டோம். உடனே ஒன்பது பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஸ்லைடு பின்னால் மோதும் சத்தம் கூடியது, கையில் இரண்டு அடியாகத் தெரிந்தது. பேரல் பூட்டு விலகும் நேரத்திலேயே ஸ்லைடு ஹேமரைச் சாய்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் தடுப்பது பெரும்பாலும் ஹேமர் ஸ்பிரிங்தான். 1911-இல் ஸ்லைடின் பின்னால் ஹேமரில் முட்டும் தகடான ஃபயரிங் பின் ஸ்டாப்பின் அடி விளிம்பைத் தட்டையாக விட்டாலும் இதே தடுப்பு கூடும். திரும்பி வரும்போதோ ஹேமர் சாய்ந்தபடி ஒதுங்கி நிற்பதால் ரீகாயில் ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்கிறது. பின்னால் போவதைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஹேமர் பக்கம் போக வேண்டும், முன்னால் வருவதைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் ரீகாயில் ஸ்பிரிங் பக்கம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தம்பிக்குப் பழைய உணர்வுதான் வேண்டும். ஹேமர் ஸ்பிரிங்கை 21-க்கு ஏற்றினோம். ட்ரிக்கர் அவனுக்குப் போதுமான லேசு, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரும் ஒவ்வொன்றும் வெடித்தது, ரீகாயில் 8.8-லேயே நின்றது.

பிறகு ஏழு பவுண்டு தோற்ற இடங்களிலெல்லாம் இதைச் சோதித்தோம். நிரம்பிய மேகசினில் முதல் இரண்டு ரவுண்டு, திரும்பத் திரும்ப. வலது கை மட்டும், இடது கை மட்டும், வேண்டுமென்றே தளர்ந்த பிடியில். துடைக்காமல் முந்நூறு ரவுண்டு ஓட்டி, அதன் மேல் மறுபடியும். மேகசின் காலியாகும்போது ஸ்லைடு பின்னால் நிற்கிறதா என்றும் பார்த்தோம், கனமான ஸ்பிரிங்கில் முதலில் தவறுவது அதுதான். எதுவும் நிற்கவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் தன் மூன்றாம் தலைமுறை க்ளாக் 17-க்கும் ஒன்பது போடலாமா என்று கேட்டார். கூடாது. அதில் வருவது 17 பவுண்டு. ஹேமர் இல்லாததால், ஸ்லைடுக்குள்ளேயே ஓடித் தோட்டாவை அடிக்கும் ஸ்டிரைக்கரின் ஸ்பிரிங் நேராக ரீகாயில் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளுகிறது. அவர் ஏற்கெனவே 13 போட்டிருந்தார், ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் பழைய ஐந்தரை பவுண்டு. காலித் துப்பாக்கியை வானம் பார்க்கப் பிடித்து, ட்ரிக்கரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுக்க இழுத்து மெதுவாக விடச் சொன்னேன். முழுசாக மூடாமல் ஒரு நூல் இடைவெளியில் தொங்கியது. ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கையும் குறைத்த பிறகுதான் மூடியது. இரண்டையும் மாற்றுவதற்கு முன் அவர் சுடும் பிரிவின் விதிகளில் இடமுண்டா என்று பார்க்கச் சொன்னேன்.

தம்பியின் மேகசின் பையில் இப்போது ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறது. அதில் ஸ்பிரிங் போட்ட நாள், தராசு காட்டிய எடை, சுட்ட ரவுண்டு எண்ணிக்கை. மூவாயிரத்தைத் தாண்டியபோது வந்து, "சைட் கொஞ்சம் தூங்குது அண்ணா, எட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றான். வெளியே எடுத்துப் புதியதின் பக்கத்தில் வைத்தேன். பழையது விரல் அகலம் குட்டையாகியிருந்தது. மரக்கட்டையில் 3.7 கிலோ, அதாவது 8.2 பவுண்டு. புதியதை அமுக்கினோம், 4.0. பழைய எண்ணை அடித்துவிட்டு டேப்பில் அதை எழுதிக்கொண்டான்.